ஆறு பேர் பராமரிக்கும் நிரல்மொழியில் ஒரு சொல்லை மாற்ற யார் முடிவெடுப்பது?

கேள்வி
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு வாசகசாலையில், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நிரலெழுதக் கற்றுக்கொடுக்கிறோம். பைத்தான் என்ற பெரிய நிரல்மொழிக்குப் போவதற்கு முன்னால் கை பழகட்டும் என்று, தமிழ்ச் சொற்களால் ஆன ஒரு சிறிய நிரல்மொழியை நாங்களே எழுதிக்கொண்டோம். நிரலைப் படித்துப் பிரித்தறியும் அதன் பார்சர் முழுவதும் பைத்தானில் இருக்கிறது. பராமரிப்பவர்கள் ஆறு பேர். நால்வர் இந்தப் பக்கம், இருவர் பொள்ளாச்சிப் பக்கம். மூன்று ஆண்டுகளில் பிள்ளைகள் எழுதிச் சேர்த்த நிரல்கள் 300-க்கு மேல் வந்துவிட்டன.

எங்கள் மொழியில், நிபந்தனை பொய்த்தால் செய்ய வேண்டியதை 'இன்றேல்' என்ற சொல்லுக்குக் கீழே எழுத வேண்டும். இரண்டு நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்று மெய்யானால் போதும் என்று சொல்வதற்கு 'அல்லது' என்ற சொல்லை ஒதுக்கியிருக்கிறோம். சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்:

மதிப்பெண் >= 30 எனில்
    எழுது "வெற்றி"
அல்லது
    எழுது "மறுபடி முயற்சி செய்"

'அல்லது என்பதற்கு இடப்பக்கம் நிபந்தனை இல்லை' என்று கணினி சொன்னது. அந்தப் பிழைச்செய்தி நாங்கள் எழுதிவைத்ததுதான். அவள் திரையின் இடப்பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அங்கே நான்கு இடைவெளிகளைச் சேர்த்தாள். செய்தி மாறவில்லை. இன்னும் நான்கு சேர்த்தாள். வரி வலப்பக்கமாக நகர்ந்து பாதித் திரையைத் தாண்டிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள். விசாரித்ததில், வகுப்பில் இருந்த 14 பேரில் 9 பேருக்கு ஏதாவது ஒரு நாளில் இதே தடுமாற்றம் வந்திருக்கிறது. காரணம் எங்களுக்குப் புரிகிறது. பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் கேட்டு வளரும் மலையாளத்தில் 'அல்லெங்கில்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது.

ஆகவே 'இன்றேல்' என்பதை மாற்றலாம் என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் சொன்னேன். நான்கு நாளில் 200 செய்திகள் வந்தன. பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து, 13 பேர் வாக்களித்தார்கள்: 'இன்றேல்' 4, 'இல்லையென்றால்' 4, 'இல்லாவிட்டால்' 3, 'மற்றபடி' 2. நான்கு வாக்கு பெற்ற இரு தரப்பும் இப்போது ஒருவரோடு ஒருவர் அளவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அதே வாரத்தில் இன்னொரு சிக்கலையும் குழுவில் வைத்தேன். ஒரு பையன் 'மொத்தம்' என்று, மதிப்பைச் சேமிக்கும் ஒரு மாறிக்குப் பெயர் வைத்தான். அவன் நண்பன் வீட்டில் எழுதி எடுத்துவந்த பகுதியிலும் அதே 'மொத்தம்' இருந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால், 'மொத்தம் என்ற பெயர் அறிமுகமில்லை' என்று வருகிறது. இதற்கு வந்தவை இரண்டே செய்திகள், அவற்றில் ஒன்று கட்டைவிரல் படம்.

நான் அறிய விரும்புவது இதுதான். பெரிய நிரல்மொழிகளில் இப்படிப்பட்ட மாற்றங்களை எவ்வாறு முன்மொழிந்து, யார் கையில் விட்டு முடிக்கிறார்கள்? அவற்றுள் எங்களைப் போன்ற ஆறு பேர் கைக்கொள்ளத்தக்கது எது? சொல்லை மாற்றினால் பழைய 300 நிரல்களின் கதி என்ன?


மறுமொழி 1
எழுதியவர்: நகரி விசைத்தறி

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் உண்டல்லவா, அந்தப் பக்கத்து நகரியிலிருந்து எழுதுகிறேன். பகலில் மென்பொருள் வேலை. வீட்டில் தறி ஓடுகிறது.

200 செய்திக்கும் 2 செய்திக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து நீங்கள் வருந்த வேண்டாம். ஹாஸ்கெல் மொழியை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஃபிலிப் வாட்லர் இதை அரை வேடிக்கையாக ஒரு விதியாகவே சொல்லிவைத்திருக்கிறார். ஒரு மொழியின் பொருண்மையைப் பற்றி ஒரு பங்கு நேரம் பேசுகிறவர்கள், அதன் தொடரமைப்பைப் பற்றி இரு பங்கும், சொல் எழுத்து வடிவங்களைப் பற்றி நாலு பங்கும், குறிப்புரைகளை எந்தக் குறியால் தொடங்குவது என்பதைப் பற்றி எட்டுப் பங்கும் பேசுவார்களாம். உங்கள் 'இன்றேல்' மூன்றாம் படியில் நிற்கிறது. அது எல்லாருக்கும் கை எட்டுகிற உயரம் என்பதால்தான் எல்லாரும் கை வைக்கிறார்கள்.

இனி வாக்கெடுப்பு. நீங்கள் பட்டதைப் பைத்தான்காரர்கள் 2003-இலேயே பட்டுவிட்டார்கள். நிபந்தனையை ஒரே வரிக்குள் ஒரு மதிப்பாக எழுதுவதற்கு வழி வேண்டும் என்று பெப் 308 என்ற முன்மொழிவு வந்தது (பைத்தானில் மாற்றம் கோரி எழுதும் ஆவணத்துக்குப் பெப் என்று பெயர்). எப்படி எழுதுவது என்பதற்குப் பல வடிவங்கள் முன்வைக்கப்பட்டன. பயனர்களிடம் வாக்குக் கேட்டபோது எந்த வடிவத்துக்கும் தெளிவான ஆதரவு திரளவில்லை. பேச்சு அப்படியே நின்றுபோய், 2005-இல் மொழியை உருவாக்கிய குய்டோ வான் ராசம் தாமே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். 2006-இல் பைத்தான் 2.5 பதிப்பில் அது வந்து சேர்ந்தது. இன்று அதைப் பயன்படுத்துகிற எவரும் வாக்கெடுப்பை நினைப்பதுகூட இல்லை.

ஆனால் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்வதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு கணக்கீட்டுக் கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பளிக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு குறியைக் கொண்டுவந்த பெப் 572-ஐச் சுற்றி 2018-இல் நடந்த வாதம் மிகவும் கசப்பாகிவிட்டது. முன்மொழிவு ஏற்கப்பட்டது, ஆனால் ஜூலை 12 அன்று வான் ராசம் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். இனி யார், எவ்வகையில் முடிவெடுப்பது என்பதற்கே பல முன்மொழிவுகளை எழுதி, டிசம்பர் 2018-இல் மூல உருவாக்குநர்கள் வாக்களித்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தார்கள். அதன்படி ஐவர் கொண்ட வழிநடத்துக் குழு ஒவ்வொரு புதிய பதிப்புக்குப் பிறகும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கக்கூடாது. குறியீட்டுக்கு வாக்கெடுத்தபோது முட்டிக்கொண்டு நின்றவர்கள், முடிவெடுப்பவர்களுக்கு வாக்கெடுத்தபோது ஓர் ஏற்பாட்டுக்கு வந்துசேர்ந்தார்கள்.

எனவே 'இன்றேல்' வேண்டுமா 'இல்லையென்றால்' வேண்டுமா என்று மறுபடியும் கை தூக்கச் சொல்லாதீர்கள். இந்த ஒரு முன்மொழிவுக்கு இன்னார் முடிவெடுப்பார் என்று ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். முன்மொழிந்தவரே முடிவெடுப்பவராக இருக்க வேண்டாம். எல்லையின் இரு பக்கமும் ஆட்கள் இருப்பதால், நிறுவனம் பற்றிய அந்த விதியை ஊருக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

முடிவெடுப்பவர் கையில் கொடுப்பதற்கு ஒரு தாள் வேண்டும். வாட்ஸாப் செய்திகளைத் தாளாகக் கொள்ள முடியாது, ஏனென்றால் நூறாவது செய்தியைப் படிப்பவர் பத்தாவது செய்தியைப் படித்திருக்க மாட்டார். பெப் ஆவணங்களில் மாற்றத்தின் தேவை, துல்லியமான விதி, பழைய நிரல்களுக்கு என்ன ஆகும், இதை எப்படிக் கற்பிப்பது, கைவிடப்பட்ட யோசனைகள் என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும். கடைசித் தலைப்பைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள்; எனக்கு அதுதான் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. 'மற்றபடி' என்பது ஏன் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு புதிதாக வருபவர் அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு வரும்போது அந்த வரியைக் காட்டினால் போதும். அதற்கு வாக்களித்த இருவருக்கும் தாங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பது எழுத்தில் இருக்கும்.

பேச்சுக்கு ஒரு முடிவுநாளும் வையுங்கள். ரஸ்ட் மொழியில் முன்மொழிவு ஒன்றைப் பற்றி எல்லாக் கருத்தும் வந்துவிட்டது என்று தோன்றும்போது, ஏற்கவா, மூடவா, தள்ளிவைக்கவா என்று ஒரு உத்தேச முடிவை முதலில் அறிவித்துவிட்டு, பொறுப்பான குழுவினர் ஒப்பிய பின் பத்து நாள் இறுதிக் கருத்துக் காலம் விடுகிறார்கள். புதிதாக ஒரு காரணம் வந்தால் மட்டுமே அந்த உத்தேசம் மாறும். ஏற்கெனவே சொன்னதை உரக்கச் சொல்வதற்கு அதில் இடமில்லை.

பழைய 300 நிரல்களுக்கு வருவோம். பாவு ஏற்றி ஓடிக்கொண்டிருக்கும் தறியில் நடுவே டிசைனை மாற்ற எங்கள் ஊரில் யாரும் துணிய மாட்டார்கள். அந்தப் பாவு தீரட்டும், புதியது அடுத்த பாவிலிருந்து என்பார்கள். ரஸ்ட் மொழியின் 'எடிஷன்' முறை ஏறத்தாழ இதேதான். 2015, 2018, 2021, 2024 என்று எடிஷன்கள் உண்டு. ஒவ்வொரு நிரல்தொகுதியும் தான் எந்த எடிஷனைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொள்ளும். புதிய ஒதுக்குச்சொல், அதாவது வேறெதற்கும் பெயராக வைக்க முடியாதபடி மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல், புதிய எடிஷனில் மட்டுமே செல்லும். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் ஒரே கம்பைலரில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். உங்கள் கோப்புகளின் முதல் வரியில் 'பதிப்பு 2' என்று எழுதச் செய்து, அந்த வரி இல்லாதவை பதிப்பு 1 என்று கொண்டால் வேலை முடிந்தது.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 'ஏசிங்க்' என்ற சொல்லைப் பைத்தான் 3.7 பதிப்பு 2018-இல் முழு ஒதுக்குச்சொல்லாக்கியது. அது வருகிறது என்று 2015-இலிருந்தே தெரியும். இருந்தும், அந்தப் பெயரில் கோப்பும் அளபுருவும் வைத்திருந்த நூலகங்கள் புதிய பதிப்பில் ஓடாமல் விழுந்தன. அந்தப் பாடத்துக்குப் பிறகு, 2021-இல் பைத்தான் 3.10-இல் வந்த 'மேட்ச்' என்ற சொல், வரியின் தொடக்கத்தில் அதற்குரிய அமைப்பில் வந்தால் மட்டும் ஒதுக்குச்சொல்லாகவும், மற்ற இடங்களில் சாதாரணப் பெயராகவும் வைக்கப்பட்டது. உங்கள் பார்சர் சிறியது என்பதால் இந்த வித்தை அவசியமில்லை. முதல் வரி போதும்.


மறுமொழி 2
எழுதியவர்: வண்டிப்பெரியாறு மழை

டீச்சர், நகரி நண்பர் சொன்னதில் பாதியை நான் ஏற்கவில்லை. ஆறு பேருக்குக் குழு, எடிஷன், இறுதிக் கருத்துக் காலம் என்று அடுக்கினால், மொழியைத் திருத்த வேண்டிய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தாள் திருத்துவதிலேயே போய்விடும். இங்கே எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளுக்கு நானும் இன்னொருவரும் வகுப்பெடுக்கிறோம். முடிவுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திடுகிறோம், அவ்வளவுதான். முதல் வரியில் பதிப்பு எண் எழுதுவதை மட்டும் நானும் வழிமொழிகிறேன். எங்களுக்கு அது தோன்றாமல் போனது.

என் மறுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாக்களித்த 13 பேரில் இப்போது மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? 'இன்றேல்' என்பதை மூன்று ஆண்டுகளாகக் கையால் அடித்துப் பழகியவர்களுக்கு அது இயல்பாகத்தான் இருக்கும். இந்தச் சொல்லால் இடைவெளி இடைவெளியாகத் தட்டிக்கொண்டிருந்தது அந்த எட்டாம் வகுப்புப் பெண்தான். அவளிடம் 'எந்தச் சொல் வேண்டும்?' என்று கேட்டாலும் பயனில்லை, டீச்சருக்குப் பிடித்தது எதுவோ அதையே சொல்வாள். கணினியை அணைத்துவிட்டு, தாளில் ஒரு தமிழ் வாக்கியத்தை நடுவே விட்டுக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பிள்ளைகள் தம்மை அறியாமல் எழுதும் சொல்லே உங்களுக்கு வேண்டிய தரவு. நண்பர் சொன்ன தலைப்புகளில் 'இதை எப்படிக் கற்பிப்பது' என்பதை உண்மையிலேயே உங்களால்தான் எழுத முடியும். பெரிய மொழிக்காரர்கள் பலருக்கு எதிரே உட்கார்ந்து விழிக்கும் பிள்ளை கிடையாது.

சொல்லை மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பிழைச்செய்தியை மாற்றுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். 'இடப்பக்கம்' என்று சொன்னால் பிள்ளை இடப்பக்கம் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பாள்? வரியில் 'அல்லது' தனியாக நின்றால், எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்று செய்தியே சொல்லிவிடலாம். இதற்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படாது, இன்றிரவே செய்துவிடலாம்.

முன்மொழிந்தவர் பின்வாங்கினால் அது தோல்வி என்று நினைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கோ மொழியில் பிழைகளைக் கையாளும் குறியீட்டைச் சுருக்குவதற்காக, அம்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் கிரீஸ்மரே 2019 ஜூனில் 'ட்ரை' என்ற முன்மொழிவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக வந்தது. ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். மொழியை உருவாக்கியவர் ஒரே மாதத்தில் தம் யோசனையைக் கைவிட முடிந்திருக்கிறது, 'இன்றேல்' கட்சிக்காரர்களுக்கு என்ன தடை?


மறுமொழி 3
எழுதியவர்: செங்கோட்டை கணியன்

இருவரும் நடைமுறையைப் பேசிவிட்டார்கள். நான் அந்தச் சொல்லையும், எவரும் கண்டுகொள்ளாத 'மொத்தம்' சிக்கலையும் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளைகள் 'அல்லது' என்று எழுதியதைத் தடுமாற்றம் என்கிறீர்கள். எழுத்துத் தமிழில் 'இன்று' என்பது ஒன்று இல்லாமையையும், 'அன்று' என்பது ஒன்று அது ஆகாமையையும் குறிக்கும். மலையாளத்தில் 'இல்லெங்கில்', 'அல்லெங்கில்' என்று அந்த வேறுபாடு இன்றும் பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது; நம் பேச்சுத் தமிழில் 'இல்ல' என்ற ஒன்றே இரண்டுக்கும் வந்துவிடுகிறது. 'மதிப்பெண் 30-க்குக் குறையாது' என்ற கூற்று மெய் ஆகாதபோது என்ன செய்வது என்பதுதான் உங்கள் இடம். கறாராகப் பார்த்தால் அங்கே 'அன்றேல்' வர வேண்டும், 'இன்றேல்' பொருந்தாது. ஆக, உங்கள் எல்லைப்புறப் பிள்ளைகள் 'அல்' என்ற வேரைப் பிடித்தது இலக்கணப்படி சரியான உணர்வு. பிழை செய்தது மொழியை வடிவமைத்த நீங்கள்தான், மன்னிக்கவும். இதற்காக 'அன்றேல்' வையுங்கள் என்று சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது 'இன்றேல்' அளவுக்கே அந்நியம். 'இன்றேல்' தான் தூய வழக்கு என்று வாதிடுவோருக்கு இதைச் சொல்லலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்று எளிய சொற்களே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் கைவிடப்பட்ட யோசனைகளின் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

'மொத்தம்' சிக்கல் இதைவிடப் பெரியது. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'மொ' என்பதை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். மகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். இரண்டு பையன்களின் விசைப்பலகைகளும் வேறுவேறாக இருந்திருக்கும். லத்தீன் அல்லாத எழுத்துகளில் பெயர் வைக்க அனுமதித்த பெப் 3131, 2007-இல் எழுதப்பட்டு 2008 டிசம்பரில் பைத்தான் 3.0-உடன் வந்தபோதே இதற்கு விடை சொல்லிவிட்டது: பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால், யூனிகோடு வகுத்த பொது வடிவங்களுள் ஒன்றான என்எஃப்கேசி என்ற ஒரே இயல்வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ரஸ்ட் 2021-இல் 1.53 பதிப்பில் இவ்வசதியைத் திறந்தபோது என்எஃப்சி என்ற இன்னொரு இயல்வடிவத்தைத் தேர்ந்தது. உங்கள் பார்சர் பைத்தானில் இருந்தாலும், பெயர்களை நீங்களே ஒரு பட்டியலில் எழுத்துச் சரங்களாக வைத்துக்கொள்வதால் பைத்தானின் இந்த ஏற்பாடு உங்களுக்கு உதவவில்லை. 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' செயற்கூறை ஓரிடத்தில் அழைத்தால் தீரும். ஒரு வரித் திருத்தம்தான், ஆனாலும் எந்த இயல்வடிவம் என்பதை மொழியின் விதியாக எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் வேறொரு பார்சர் எழுதினால் அவர் எதைப் பின்பற்றுவார்?

இயல்வடிவம் எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஔ' என்ற ஓரெழுத்தையும், ஒகரமும் ளகரமும் சேர்த்து அடித்த 'ஒள' என்பதையும் எந்த இயல்வடிவமும் ஒன்றாக்காது. 'க' என்ற எழுத்தும் தமிழ் எண் ஒன்றாகிய '௧' என்பதும் பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாமல் இருக்கும். பைத்தானில் 'விலைக', 'விலை௧' இரண்டும் செல்லுபடியாகும் வெவ்வேறு பெயர்கள். பிள்ளைகள் தமிழ் எண்களை விரும்பி அடிப்பார்கள் என்பது என் அனுபவம். பெயர்களில் அவற்றைத் தடைசெய்வதா என்பது தனி முன்மொழிவாக வரத்தக்கது.

ஆரம்பத்தில் எடுக்கும் இப்படிப்பட்ட முடிவுகளைப் பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு, நாம் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோ மொழியில் பெயர்கள் யூனிகோடு எழுத்துகளாலும் எண்களாலும் அடிக்கோட்டாலும் மட்டுமே ஆக வேண்டும், இணைகுறிகளுக்கு இடமில்லை. 'பெயர்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் பகரத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த ஒற்றைக்கொம்பில் கம்பைலர் நின்றுவிடும். 'மரம்' புள்ளியில் நிற்கும். 'பட', 'அகல' போல் குறியே இல்லாத சொற்கள் மட்டும் தேறும். அத்துடன், தொகுதிக்கு வெளியே தெரிய வேண்டிய பெயர், ஆங்கிலக் கேப்பிடல் போன்ற பேரெழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. தமிழில் பேரெழுத்து ஏது? இந்தக் குறை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, கோ மொழியின் கேள்வி-பதில் பக்கத்திலேயே தேவநாகரியைச் சுட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருந்தும் நகர்த்த முடியவில்லை. உங்கள் மொழிக்கு இன்னும் 300 நிரல்கள்தான் ஆகியிருக்கின்றன. இப்போதே செய்துவிடுங்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

வண்டிப்பெரியாற்று நண்பர் சொன்னபடி பிழைச்செய்தியை அன்றிரவே மாற்றினோம். அடுத்த ஞாயிறு கணினிகளை அணைத்துவிட்டு, 'மழை பெய்தால் குடை எடுப்பேன்; ............ எடுக்க மாட்டேன்' என்று தாளில் கொடுத்தோம். 14 பேரில் 8 பேர் 'இல்லேன்னா' என்றோ 'இல்லையென்றால்' என்றோ எழுதினார்கள். 4 பேர் 'அல்லெங்கில்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவன் 'இல்லாட்டி'. ஒருத்தி நிரப்பவே இல்லை. 'மழை இல்லாத நாளில் வெயிலுக்கும் குடை எடுப்பேன் டீச்சர்' என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். 'இன்றேல்' என்று எவரும் எழுதவில்லை. எங்களில் அந்தச் சொல்லுக்காக மிகவும் வாதாடியவர் தாள்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார்.

முடிவெடுப்பவராகப் பொள்ளாச்சிக்காரர் ஒருவரைத் தேர்ந்தோம். அவர் 'மற்றபடி' என்பதற்கு வாக்களித்தவர், ஆகவே பெரிய கட்சி இரண்டுக்கும் அவர்மேல் சம அளவில் வருத்தம் இருந்தது. முன்மொழிவை நான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். பத்து நாளை ஏழாகக் குறைத்துக்கொண்டோம். 'பதிப்பு 2' என்று முதல் வரி உள்ள கோப்புகளில் 'இல்லையென்றால்' மட்டும் செல்லும். அந்த வரி இல்லாதவற்றில் 'இன்றேல்' பழையபடி இருக்கும் என்று அவர் ஏற்றுக் கையெழுத்திட்டார். கைவிடப்பட்ட யோசனைகளின் கீழ் அவர் தம் கைப்பட எழுதிய பத்தியை இங்கே தருகிறேன்:

'அல்லது என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை பார்சருக்குக் கடினமன்று. பிள்ளைகள் பைத்தானுக்குப் போகும்போது அங்கே இரண்டு சொற்கள் இருப்பதால் மறுபடியும் குழம்புவார்கள் என்பதனால் இதைக் கைவிடுகிறோம். அன்றேல் என்பது இலக்கணப்படி பொருத்தமானது. வகுப்பில் எவரும் அதைப் பேசுவதில்லை. மற்றபடி என்பது எனக்குப் பிடித்த சொல். அதைத் தாளில் எவரும் எழுதவில்லை.'

பழைய நிரல்கள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்தோம். மூன்று மட்டும் விழுந்தன. அவை முன்பும் ஓடாதவைதான்.

செங்கோட்டை நண்பர் சொன்னபடி, பெயர்களின் இயல்வடிவத்தையும் தமிழ் எண்களையும் பற்றி முன்மொழிவு எண் 2 எழுதிக் குழுவில் வைத்திருக்கிறேன். அதுவும் ஏழு நாள்தான், நாளையோடு முடிகிறது. இதுவரை வந்தது ஒரு கட்டைவிரல் படம்.